ஒழுகாத வண்டி

பட்டறையில் தகர வேலை பார்க்கும் டிங்கர், ஸ்குரூ டிரைவரால் வண்டியின் வயிற்றில் ஒரு குத்து விட்டார். குத்து என்றுகூடச் சொல்ல முடியாது, லேசாக அழுத்தினார், அவ்வளவுதான். ஸ்குரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"தகரம்னு நெனச்சேண்ணே," என்றார். "பிஸ்கட்டா இருக்கு."

வண்டி லிஃப்டில் தலைக்கு மேலே நின்றது. பிளம்பர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் பெயிண்ட் காசளவு கொப்புளித்திருக்கிறது, தேய்த்து ஒரு கை பூசிக் கொடுங்கள் என்றுதான் கொண்டு வந்திருந்தார். அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று குளிக்காமல்கூட வந்திருந்தார்.

அன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை வண்டிக்கு வருடாந்திரச் சோதனை. அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவருடைய மகள் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரவேண்டும். அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க இந்த ஒரு வண்டியை விட்டால் வேறு வண்டி கிடையாது.

மிகையில்லை. மகளுக்கு இருபத்து மூன்று வயது. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்துகொண்டு வரும் நோய், ஆறு வயதிலிருந்து. இப்போது அவள் சொன்னபடி கேட்பவை இரண்டு கைகளும், சலிக்காத இரண்டு கண்களும், அந்த வாயும்தான். முதுகுக்கு அச்செடுத்துச் செய்த மோட்டார் நாற்காலியில்தான் உட்கார முடியும். அதை விட்டு இறக்கி வேறு இருக்கையில் வைத்தால் பத்து நிமிடத்தில் மூச்சு முட்டும். நாற்காலி மட்டும் நூற்றிருபது கிலோ, மடங்காது. பஸ்ஸில் ஏறாது, டாக்சிக்காரர்கள் பார்த்ததுமே கையை விரித்துவிடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பேக்கரிக்காரரிடமிருந்து இந்தப் பழைய வேனை வாங்கினார்கள். கூரை உயரம், பின்கதவு அகலம். ரொட்டித் தட்டு அடுக்கும் சட்டங்களைப் பிளம்பரே கழற்றிப்போட்டார். சரிவுப்பலகை பொருத்தினார். நாற்காலியின் நாலு காலையும் பெல்ட் போட்டு இழுத்துக் கட்ட, வண்டித் தரையில் நாலு இரும்புக் கொக்கிகளைப் போல்ட் போட்டு இறுக்கினார். முதல் வருடம் முழுக்க உள்ளே ரொட்டி வாசனை. வெளியே போய்விட்டு வந்தால் மூன்று பேருக்கும் அகோரப் பசி எடுக்கும்.

வீட்டில் மகளுக்கு ஜட்ஜ் என்று பெயர். டீயில் சர்க்கரை அரை ஸ்பூன் குறைந்தாலும் தீர்ப்பு வந்துவிடும். அப்பாவின் சட்டைப் பித்தான், அம்மாவின் கொண்டை, எதிர்வீட்டுக்காரர் கோணலாக அடித்த ஆணி, ஒன்றும் தப்பாது. தொழிற்சாலையில் அவளுக்குக் கிடைத்த வேலையும் அதுதான்: பட்டையில் நகர்ந்து வரும் லென்ஸுகளில் கீறல், குமிழி இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்கிப் போடவேண்டும். முந்நூறு பேர் எழுதிய தேர்வில் பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். வீட்டில் இத்தனை வருடம் சும்மா செய்த வேலைக்கு இனிமேல் சம்பளமாம் என்று பிளம்பர் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டார்கள், இருபத்து மூன்று என்று சொல்லிவிட்டேன் என்றாள் அவள்.

அந்த வண்டியின் வயிற்றுக்குள்தான் இப்போது ஸ்குரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் போயிருந்தது.

டிங்கருக்கு நாற்பது வயது இருக்கும். நிறையப் பேசுவார், பேச்சு நின்றால் வேலை சிக்கல் என்று அர்த்தம். இப்போது பேசாமல் டார்ச்சை அடித்துக்கொண்டு கதவுக்கடியில் நீளமாக ஓடும் தகரப் பெட்டியைத் தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. நகத்தால் நோண்டினார். ரப்பர் கார்க் ஒன்று அகப்பட்டது. குறடால் பிடித்துத் திருகி இழுத்தார்.

தண்ணீர் கொட்டியது. பழுப்புத் தண்ணீர். டிங்கரின் முழங்கையில் வழிந்து, பனியனை நனைத்து, தரையில் ஓடியது. குட்டை நாற்றம். ஒரு வாளி நிறையும் அளவுக்கு வந்து, பிறகுதான் சொட்டாகக் குறைந்தது.

கார்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் டிங்கர். அதைச் சுற்றி வெள்ளை டேப். குழாய் மரையில் தண்ணீர் கசியாமலிருக்கச் சுற்றுவார்களே, அந்த டேப். ஏழு சுற்று, ஒரே சீராக, மடிப்பு இல்லாமல்.

"இதை எந்த மகராசன் அடைச்சான்?"

பிளம்பர் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் திறந்தார் என்று அவர் பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டார். வெளியே வந்தது வேறு.

"தெரியலையே தம்பி. முந்தின ஓனரா இருக்கும்."

வண்டி வாங்கிய புதிதில் ஒரு மழை நாள். வாசலில் நின்ற வண்டியின் கதவுகளுக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மழை விட்டு ஒரு மணி நேரமாகியும் சொட்டு நிற்கவில்லை. இருபத்தைந்து வருடமாக ஊராரின் ஒழுகலை நிறுத்திப் பிழைக்கிற மனிதருக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? சாக்கை விரித்து அடியில் படுத்துப் பார்த்தால், ஓட்டைகள். கதவுகளின் அடியில், தகரப் பெட்டியின் அடியில், தரையின் குறுக்குச் சட்டத்தின் அடியில். விரல் நுனி போகிற அளவு. எண்ணினார், இருபத்திரண்டு. இத்தனை ஓட்டையோடு வண்டி செய்து விற்றிருக்கிறானே என்று கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் அளவாகக் கார்க் செதுக்கி, டேப் சுற்றி அடைத்து, மேலே சிலிக்கான் பூசினார். அன்றைக்குப் பிறகு எந்த மழையிலும் அந்த வண்டியிலிருந்து ஒரு சொட்டு கீழே விழவில்லை. வேலைக்குப் போகிற வீடுகளிலெல்லாம் அதைச் சொல்லுவார்.

டிங்கர் இன்னொரு கார்க்கை உருவினார். இன்னும் கொஞ்சம் பழுப்புத் தண்ணீர்.

"வண்டிக்கு மூத்திர ஓட்டைண்ணே இது," என்றார். "ஜன்னல் கண்ணாடி ஏறி இறங்கற இடுக்குல தண்ணி உள்ள போகத்தான் செய்யும். போன தண்ணி இது வழியா வெளிய வரணும். அதுக்குத்தான் கம்பெனிக்காரன் விட்டு வச்சிருக்கான். இதை அடைச்சா மனுஷனே பிழைக்க மாட்டான், தகரம் எப்படிப் பிழைக்கும்?"

பிளம்பர் தலையாட்டினார். பிறகு, சும்மா நின்றால் சந்தேகம் வருமே என்று, விவரம் கெட்ட பயல் என்று முந்தின ஓனரைத் தானும் ஒரு வார்த்தை திட்டினார்.

அன்று மாலை வீட்டில் அந்த வார்த்தை வளர்ந்தது. பிளம்பரின் மனைவி பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். நாள் முழுக்க வலியோடு வருகிறவர்களை அதட்டி உட்கார வைத்துப் பழகிய குரல். விஷயம் கேள்விப்பட்டதும், ஓட்டையை அடைத்துத் துருவை மறைத்து நம் தலையில் கட்டியிருக்கிறான் அந்த ரொட்டிக்காரன் என்று முடிவு கட்டிவிட்டாள். விடு, பழைய கதை, இப்போது பேசி என்ன ஆகப்போகிறது என்று பிளம்பர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை சொல்வதற்குள் அவள் போனில் நம்பரைத் தேடி எடுத்துவிட்டாள்.

பேக்கரிக்காரரை அவள் பதினைந்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண் என்று தெரிந்துதானே விற்றீர்கள், உங்கள் மனசாட்சி என்ன ரொட்டியோடு அடுப்பில் வெந்துவிட்டதா என்று கேட்டாள். மறுமுனையில் அந்த மனிதர் முதலில் குழம்பினார், பிறகு மறுத்தார், கடைசியில் மன்னிப்புக் கேட்டார். தனக்குத் தெரியாமல் டிரைவர் யாராவது அடைத்திருக்கலாம், தான் குனிந்து பார்த்திருக்க வேண்டும், தப்புத்தான் என்றார். பொண்ணுக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம் என்றும் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் கேட்டது.

பிளம்பர் எழுந்து போய்க் கொல்லைப்பக்கம் நின்றார். நாற்காலியின் மோட்டார் சத்தம் பின்னாலேயே வந்தது.

"என்னப்பா, முகம் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல கண்ணு. அந்த ஆளு பாவம்."

"அம்மா திட்டினா யாரா இருந்தாலும் பாவம்தான்," என்றாள் ஜட்ஜ். "வண்டி வியாழக்கிழமைக்குள்ள ரெடியாயிடும்ல? அதைச் சொல்லுங்க."

ஆகிவிடும் என்றார்.

செவ்வாய்க்கிழமை டிங்கர் உள்ளே விரித்திருந்த ரப்பர் விரிப்பைக் கிழித்து எடுத்தார். அடியில் தரை, தரையாக இல்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கத் துரு இலை இலையாகப் பெயர்ந்து வந்தது. ஓரத்து இரண்டு தகரப் பெட்டிகளையும் வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடலாம், இரண்டு நாள் வேலை என்றார். பிரச்சினை குறுக்குச் சட்டத்தில் இருந்தது. நாலு கொக்கிகளும் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன. சட்டம் உள்பக்கமாகவே அரித்துப்போயிருந்தது. டிங்கர் வெல்டிங் முனையை ஓர் இடத்தில் வைத்துக் காட்டினார். பொறி பறந்தது, ஓட்டை பெரிதானது, ஒட்டுவதற்கு ஓரம் இல்லை.

வீட்டுக்காரி யோசனை ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள். சொத்தைப் பல்லைச் சுரண்டிவிட்டு அடைக்கிறார்களே, அப்படி அடைக்க முடியாதா? பிளம்பர் அதையும் கேட்டார்.

"ஈறு இருந்தாத்தானேண்ணே பல்லு," என்றார் டிங்கர்.

பிளம்பருக்கு இது புரியாத விஷயமல்ல. எத்தனையோ வீடுகளில் அவரே சொல்லியிருக்கிறார், அம்மா, குழாயில் ஓட்டை இருந்தால் அடைக்கலாம், குழாயே ஓட்டையாக இருந்தால் எதில் அடைப்பது என்று. அப்படிச் சொல்லும்போது அந்த வீட்டுக்காரர்கள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பது ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வேறு வார்த்தை வந்துவிடாதா என்றுதான்.

மேலே ஒரு தகடு போட்டு, பட்டிப் பசை வைத்து, கறுப்புப் பூச்சு அடித்துக் கொடுத்துவிடுங்கள், வியாழக்கிழமை தாண்டட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினார். டிங்கர் குறடைக் கீழே வைத்தார்.

"சோதனையில தாண்டிடும்ணே. அடிச்சுக் கொடுத்தா யாருக்கும் தெரியாது. ரோட்டுல ஒரு பிரேக் அடிச்சீங்கன்னா கொக்கி பேத்துக்கிட்டு வரும். நாற்காலி முன் சீட்டு மேல வந்து விழும். நூத்தியிருபது கிலோ, அது மேல பாப்பா. என்னால முடியாது."

வேறு வண்டி பாருங்கள் என்றார். பிளம்பர் எதற்கும் இருக்கட்டும் என்று முந்தின நாளே விசாரித்திருந்தார். உயரக் கூரை வைத்த பழைய வண்டி ஒன்று இருந்தது, ஆனால் சரிவுப்பலகையும் கொக்கியும் பொருத்தி, அனுமதி வாங்கி ரோட்டில் ஓட்ட இரண்டரை மாதம் ஆகும். சக்கர நாற்காலி ஏற்றுகிற வாடகை வேன் நகரத்தில் இரண்டே இரண்டு. இரண்டும் காலை வேளைகளில் ஆஸ்பத்திரிக்குப் போகின்றன. தொழிற்சாலை பஸ்ஸுக்கு மூன்று படி.

கிளம்பும்போது டிங்கர் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைக் கையில் கொடுத்தார். உள்ளே இருபத்திரண்டு கார்க்குகள்.

"உங்க சாமான்," என்றார். "முந்தின ஓனரை நான் இனிமே திட்டலைண்ணே."

பிளம்பர் டப்பாவை வாங்கிக்கொண்டார். சுற்று சரியாகத்தான் சுற்றியிருக்கிறது என்றார். சரியாகத்தான் சுற்றியிருக்கிறீர்கள், அதுதான் இப்படி ஆகிவிட்டது என்றார் டிங்கர். கோபமாகச் சொல்லவில்லை.

புதன்கிழமை பிளம்பர் ஒப்புக்கொண்ட இரண்டு வேலைகளுக்கும் போகவில்லை. மனைவி கிளினிக்குக்குப் போன பிறகு வண்டியை மகள் கண்ணில் படாமல் இரண்டு தெரு தள்ளி ஒரு காலி மனையில் நிறுத்தி, அடியில் படுத்தார். கண்ணாடி நார்த் துணி, பிசின், பட்டி, ஒரு டின் கறுப்புப் பூச்சு. காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தவர் நாலு மணிக்குத்தான் எழுந்தார். கையில் வேலை இருக்கிற வரைக்கும் அவருக்குப் பயம் இல்லை. பட்டியை இழைத்து இழைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகரத்தின் மடிப்புகளையும் விளிம்புகளையும் அப்படியே பட்டியிலேயே செய்து வைத்தார். உள்ளே தரையிலும், கொக்கிகளைச் சுற்றியும் அதே பட்டி, அதே பூச்சு. தட்டிப் பார்த்தாலொழிய யாராலும் கண்டுபிடிக்க முடியாது. முதலில் சோதனைத் தாள் கைக்கு வரட்டும், மற்றதைப் பிறகு யோசிப்போம் என்று வைத்துக்கொண்டார். பிறகு என்றால் எப்போது என்று யோசிக்கவில்லை.

மாலையில் மனைவி கேட்டாள். டிங்கர் முடித்துக் கொடுத்துவிட்டார் என்றார்.

வியாழக்கிழமை சோதனைக் கூடத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. அதிகாரி ஒல்லியாக, கையில் நீளமான டார்ச்சும் சின்னச் சுத்தியலும் வைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கி வண்டிகளின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளம்பரின் வண்டிக்கு முன்னால் நின்ற வண்டியைப் பிரேக் குழாயில் துரு என்று திருப்பி அனுப்பினார். அந்த வண்டிக்காரர் எவ்வளவோ வாதாடினார். கடைசியில் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பிளம்பர் அவரைப் பொறாமையோடு பார்த்ததாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் பார்த்தார்.

விளக்கு, ஹாரன், பிரேக், புகை. எல்லாம் சரி. அதிகாரி பள்ளத்தில் இறங்கினார். டார்ச் வெளிச்சம் பளபளக்கும் கறுப்பில் முன்னும் பின்னும் போய் வந்தது. சுத்தியல் முன்சக்கரத்தின் அருகில் இரண்டு தட்டுத் தட்டியது. அங்கே நல்ல இரும்பு, கணீரென்றது. பிளம்பர் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தட்டு, இன்னும் ஒரு முழம் பின்னால் தட்டு என்று உள்ளுக்குள் ஒன்று சொன்னது. தட்டாதே என்றது இன்னொன்று.

அதிகாரி மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"பழைய வண்டிய இப்படி வச்சுக்கணும்," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். "பாருங்க, அடியில எவ்வளவு சுத்தம்."

தாளில் முத்திரை விழுந்தது. பிளம்பர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அன்று ஒரே கொண்டாட்டம். தொழிற்சாலை கொடுத்திருந்த நீலச் சட்டையை மனைவி கைப்பக்கம் பிரித்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட வசதியாகத் தைத்து முடித்தாள். மகள் திங்கட்கிழமைக்கு ஒரு கால அட்டவணை எழுதி அலமாரியில் ஒட்டினாள்: ஐந்து மணிக்கு எழுவது, ஆறே முக்காலுக்கு வண்டியில் ஏறுவது, ஏழு ஐம்பதுக்கு வாசல். சந்தேகம் தீர ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை ஒத்திகை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தாள். பிளம்பர் எதற்கு வீணாக என்று ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஒரே குரலில் அவரை அடக்கினார்கள்.

வெள்ளி போயிற்று. சனி போயிற்று. சொல்லிவிட வேண்டும் என்று அவர் எழுந்த நேரங்களிலெல்லாம் அந்த நீலச் சட்டை எதிரே தொங்கியது.

ஞாயிறு காலை மூன்று பேரும் வண்டியில் ஏறினார்கள். நாலு பெல்ட்டையும் பிளம்பர்தான் மாட்டினார். வழக்கமாக மாட்டிவிட்டு ஓங்கி ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். இன்று இழுக்கவில்லை. மகள் அதைக் கவனித்தாள்.

அவர் ஓட்டிய வேகத்துக்கு மாட்டு வண்டிகூட முந்திக்கொண்டு போயிருக்கும். மனைவி முன் சீட்டிலிருந்து, இந்த வேகத்தில் போனால் திங்கட்கிழமை வேலைக்கு இன்றே கிளம்பியது சரிதான் என்றாள். தெருமுனையில் ஒரு வேகத்தடை. அதைத் தாண்டினால் பெரிய சாலை, லாரிகள். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது.

பின்னால் சடக்கென்று ஒரு சத்தம். காய்ந்த குச்சி முறிகிற மாதிரி, சின்னதாக.

"அப்பா, இடது பக்கக் கொக்கி ஆடுது," என்றாள் மகள். பதறவில்லை, பார்த்ததைச் சொன்னாள்.

பிளம்பர் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தினார். இறங்கினார். பின்கதவைத் திறந்தார். கொக்கியைச் சுற்றிக் கறுப்புப் பூச்சு வெடித்து, உள்ளே வெளுப்பாகப் பட்டி தெரிந்தது. சரிவுப்பலகையை இறக்கி, ஒவ்வொரு பெல்ட்டாகக் கழற்றினார். மனைவி இறங்கி வந்து என்ன என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாலாவது பெல்ட் கழன்று, நாற்காலி பத்திரமாக ரோட்டோரம் இறங்கிய பிறகுதான் அவர் பேசினார்.

எல்லாவற்றையும் சொன்னார். கார்க், டேப், டிங்கர் மாட்டேன் என்றது, தானே பட்டி வைத்தது. ரோட்டில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மனைவி முதலில் கேட்டது வண்டியைப் பற்றி அல்ல.

"அப்ப அந்த ரொட்டிக்கார மனுஷனை நான் அத்தனை பேச்சுப் பேசினது?"

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்ததெல்லாம் வேறொருவர் மேல் செலவழிந்துபோயிருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்கதவை அறைந்து சாத்தினாள்.

மகள் நாற்காலியை மெதுவாகத் திருப்பி அப்பாவுக்கு நேராக நிறுத்தினாள்.

"அப்பா, உள்ள போன தண்ணி எங்க போகும்னு நெனச்சீங்க?"

பிளம்பர் யோசித்தார். மூன்று வருடத்தில் இந்தக் கேள்வி ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றியதில்லை.

"உள்ள போகாதுன்னு நெனச்சேன்," என்றார்.

அவள் விசையைத் தள்ளி, வீட்டுப் பக்கம் கிளம்பினாள். தெரு நீளம் அரைக் கிலோமீட்டர். நாற்காலி ஓரமாகப் போக, மனைவி ரோட்டுப் பக்கம் நடந்தாள், பின்னால் வருகிற வண்டிகளுக்குக் கையை நீட்டி வழி மறித்துக்கொண்டு. பிளம்பர் பத்தடி தள்ளிப் பின்னால் போனார். வண்டியைப் பூட்டினாரா இல்லையா என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. போய்ப் பார்க்கவில்லை.

மகள் தானே போன் செய்தாள். தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் எடுத்தார், பொறுமையாகக் கேட்டார். பயிற்சி பன்னிரண்டு பேருக்கும் சேர்த்துத்தான், முதல் மூன்று நாள் வராதவர்களை இயந்திரத்தில் உட்கார வைக்க விதி இல்லை, பட்டியலில் பதிமூன்றாவதாக வந்த பெண்ணைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்றார். வீட்டிலிருந்தே செய்யும்படியான வேலையாக இருந்தால் இரண்டாம் யோசனை இல்லாமல் கொடுத்திருப்பேன் என்றார். மறுபடி ஆள் எடுக்கும்போது எழுதுங்கள், ஆறு மாதமோ ஒரு வருடமோ, தேர்வு மறுபடி எழுதத்தான் வேண்டும் என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, நிஜமான வருத்தம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"சரிங்க மேடம். பரவாயில்லைங்க," என்றாள் மகள்.

பிளம்பர் டிங்கருக்குப் போன் செய்தார். வாடகை வேன்காரர்கள் இரண்டு பேருக்கும் மறுபடி செய்தார். தனக்குத் தெரிந்த ஒரு லாரிக்காரருக்குக்கூடச் செய்தார். அவர் நாற்காலியை லாரியில் ஏற்றிவிடலாம், பாப்பாவை முன்னால் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்றார் நல்ல மனசோடு. உட்கார முடியாது என்பதை விளக்கிச் சொல்லி, நன்றி சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு கூப்பிட ஆள் இல்லை. மனைவி உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேக்கரிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். மெதுவான குரலில். அவ்வளவு மெதுவாக அவள் பேசி அவர் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலை மனைவி வழக்கம்போலக் கிளினிக்குக்குக் கிளம்பிப் போனாள். பிளம்பர் டீ போட்டு எடுத்து வந்தார். மகளுக்கு உறிஞ்சு குழாய் வைத்த டம்ளர், தனக்கு ஒன்று. அவள் ஜன்னலோரம் இருந்தாள், சாதாரண வீட்டு உடையில். அலமாரியில் கால அட்டவணை இன்னும் ஒட்டியிருந்தது.

சுவர்க் கடிகாரம் எட்டைத் தொட்டது.

"இப்ப உள்ள போயிருப்பாங்க," என்றாள் அவள். "பதினோரு பேரும், பதிமூணாவதா வந்த பொண்ணும்."

பிளம்பர் டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"என் மேல கோபமா இருக்கியா கண்ணு?"

"இருக்கேன்," என்றாள். "எத்தனை நாளைக்குன்னு எனக்கே தெரியலப்பா."

உறிஞ்சு குழாயில் ஒரு வாய் டீ இழுத்தாள்.

"நிக்காதீங்க. உக்காந்து குடிங்க."

அவர் உட்கார்ந்தார்.